சொந்தக் கதையை விடு, விஷயத்துக்கு வா

கூட்டங்களில் நாம் பலமுறை கேட்ட வாக்கியம்தான். ஒரு பெண் எழுந்து தன் வீட்டில் நடந்ததையோ ஆஸ்பத்திரியில் நடந்ததையோ சொல்லத் தொடங்குவார். இரண்டு நிமிடம் பொறுத்திருந்துவிட்டு முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "சொந்தக் கதையை விடும்மா, விஷயத்துக்கு வா." கதை வேறு, விஷயம் வேறு என்பதில் அந்தக் குரலுக்குச் சந்தேகமே இல்லை. கதை கண்ணீருக்கு, விஷயம் தீர்மானத்துக்கு.

1960களின் கடைசியில் நியூயார்க்கில் சில பெண்கள் இந்தப் பாகப்பிரிவினையை ஏற்க மறுத்தார்கள். அவர்களை விழிப்புணர்வு வட்டங்களின் முன்னோடிகள் என்று வரலாறு குறித்துவைத்திருக்கிறது. ஆனால் அவர்கள் செய்தது என்ன என்பது இன்று வெகுவாக மறந்துபோய், 'பெண்கள் மனம் திறந்து பேசினார்கள், அதனால் மாற்றம் வந்தது' என்ற இனிப்பான சுருக்கமாக எஞ்சியிருக்கிறது. பெண்கள் எந்தக் காலத்தில் மனம் திறந்து பேசாமல் இருந்தார்கள்? குழாயடியிலும் அடுப்படியிலும் பிரசவ வார்டின் வராந்தாவிலும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தப் பேச்சு ஆறுதல் தந்தது, எச்சரிக்கை தந்தது, சில சமயம் நல்ல மருத்துவச்சியின் விலாசத்தையும் தந்தது. எந்தச் சட்டத்தையும் அது அசைக்கவில்லை. நியூயார்க் பெண்கள் பேச்சோடு வேறொன்றைச் சேர்த்தார்கள். அது ஒரு செய்முறை. கதை அரசியலாவதும் ஆகாமல் போவதும் அந்தச் செய்முறையைப் பொறுத்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

நியூயார்க் ராடிகல் விமன் என்ற குழுவை 1967 இலையுதிர்காலத்தில் ஷூலமித் ஃபயர்ஸ்டோனும் பாம் ஆலனும் தொடங்கினார்கள். சேர்ந்தவர்களில் பலர் கறுப்பர் உரிமைப் போராட்டத்திலும் வியட்நாம் போர் எதிர்ப்பிலும் வேலை செய்து பழகிய இளம்பெண்கள். தொடக்கக் கூட்டம் ஒன்றில் ஆன் ஃபோரர் என்பவர், பெண்கள் ஒடுக்கப்பட்ட கூட்டம் என்ற எண்ணமே தனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது, இன்னும் நிறைய யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆண்களுக்குப் பிடிக்கும்படி இருக்கப் பெண்கள் செய்துகொள்வதையெல்லாம் அடுக்கினார். அறிவில்லாததுபோல் நடிப்பது, எதற்கும் தலையாட்டுவது, காலைக் கடிக்கும் செருப்பு, பட்டினி, பார்வை மங்கினாலும் கண்ணாடி போடாமல் இருப்பது. அங்கிருந்த கேத்தி சாராசைல்ட் பிற்பாடு அந்தப் பேச்சைத் திருப்புமுனையாக நினைவுகூர்ந்தார். தத்துவப் புத்தகம் எதுவும் கொடுக்காத ஒரு பட்டியலை ஒருத்தி தன் உடம்பிலிருந்து படித்துக் காட்டியதுபோல் இருந்தது அது.

சாராசைல்ட் அதை முறைப்படுத்தினார். 1968 நவம்பரில் சிகாகோ அருகே நடந்த முதல் தேசியப் பெண் விடுதலை மாநாட்டில் ஒரு செயல்திட்டமாகவே முன்வைத்தார். நடைமுறை எளிது. எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி. குழந்தை வேண்டும் என்று நினைத்தால் ஆணா பெண்ணா எது வேண்டும் என்று தோன்றுகிறது, கூட வாழும் ஆணின் சம்பளம் உன்னுடையதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தபோது என்ன நடந்தது என்பதுபோல. ஒவ்வொருவராக, முறைவைத்து, தன் வாழ்க்கையிலிருந்து பதில் சொல்ல வேண்டும். சுற்று முடிந்ததும்தான் முக்கியமான வேலை. பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது, எங்கே ஒத்துப்போகின்றன, ஏன், இந்த ஏற்பாட்டால் யாருக்கு லாபம் என்று கேட்பது, பொதுமுடிவுக்கு வருவது, அந்த முடிவைப் புத்தகங்கள் சொல்வதோடு மோதவிட்டுப் பார்ப்பது. ஆறுதல் சொல்லும் கூட்டம் அல்ல அது. சாராசைல்டின் பார்வையில், நேரடியாகத் தரவு திரட்டும் ஆராய்ச்சி.

இதை அவர்கள் கண்டுபிடித்தோம் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. சாராசைல்ட் 1964 கோடையில் மிசிசிப்பியில் வேலை செய்தவர். தென்மாநிலத் தேவாலயங்களில் பங்குக் குத்தகை விவசாயிகள் எழுந்து நின்று தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்வதும், அதிலிருந்து அடுத்த நாள் போராட்டம் முடிவாவதும் அவருக்குக் கண்கூடு. இன்னொரு ஊற்று சீனா. ஷான்ஸி மாகாணக் கிராமம் ஒன்றில் நிலச் சீர்திருத்தக் காலத்தில் உழவர்கள் கூடித் தங்கள் துயரங்களைச் சொல்லிப் பண்ணையாரின் கணக்கைத் தீர்த்த கதையை, வில்லியம் ஹின்டன் 1966இல் 'ஃபான்ஷென்' என்ற நூலாக எழுதியிருந்தார். புதிய இடதுசாரி இளைஞர்களிடையே அது கைமாறிக்கொண்டிருந்தது. ஆக, மன்ஹாட்டன் அடுக்ககத்தில் கூடிய இந்த வட்டத்துக்கு மிசிசிப்பிக் கறுப்பரும் ஷான்ஸி உழவரும் முன்னோர்கள்.

இந்த வம்சாவளியில் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபேனி லூ ஹேமர், மிசிசிப்பிப் பண்ணை ஒன்றில் 18 ஆண்டுகள் உழைத்தவர். 1962இல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்காக அன்றே பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார். அடுத்த ஆண்டு வினோனா ஊர்ச் சிறையில் உடல் முழுவதும் கன்றிப்போகும்படி அடிக்கப்பட்டார். 1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தகுதி ஆய்வுக் குழு முன்னால் இந்த இரண்டையும் அவர் தன் பேச்சு வழக்கிலேயே சொன்னார். குடியரசுத் தலைவர் ஜான்சன் பதறிப்போய், தொலைக்காட்சி காமிராக்களைத் திருப்புவதற்காகவே திடீர்ச் செய்தியாளர் சந்திப்பு ஒன்றை வைத்தார். பலிக்கவில்லை. அன்று மாலைச் செய்திகளில் தொலைக்காட்சிகள் அவருடைய சாட்சியத்தை ஒளிபரப்பின. நான்கு ஆண்டுகள் கழித்து, 1968 செப்டம்பர் 7 அன்று, கட்சி மாநாடு நடந்த அதே அரங்கில் அமெரிக்க அழகிப் போட்டி. வெளியே நியூயார்க் பெண்களின் ஆர்ப்பாட்டம். அழகிப் போட்டியைச் சிறுவயதிலிருந்து பார்த்தபோது அவரவருக்கு என்ன தோன்றியது என்று வட்டத்தில் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்ததிலிருந்துதான் அந்த ஆர்ப்பாட்ட யோசனையே பிறந்தது. அன்று யாரும் உள்ளாடையைக் கொளுத்தவில்லை. இறுக்குக் கச்சை, குதிகால் செருப்பு போன்றவற்றை ஒரு குப்பைத்தொட்டியில் போட்டார்கள், அவ்வளவுதான். கொளுத்தியதாகக் கட்டிவிட்ட கதை மட்டும் இன்றுவரை எரிந்துகொண்டிருக்கிறது.

கேலி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. கூட இருந்த இடதுசாரித் தோழர்களும் தோழியர் சிலரும்கூட, இது அரசியல் அல்ல, மனநல சிகிச்சை என்றார்கள். தெற்கே ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் இருந்த கேரல் ஹானிஷ், 1969 பிப்ரவரியில் தன் அமைப்பினருக்கு ஓர் உள்சுற்றுக் குறிப்பில் பதில் எழுதினார். சிகிச்சை என்றால் நோயாளி என்று ஒருத்தி இருக்க வேண்டும். எங்களுக்கு நோய் இல்லை, எங்கள் நிலைமையில்தான் கோளாறு என்பது அவர் வாதம். தனியாளாகத் தீர்த்துக்கொள்ளக்கூடிய வழி இப்போதைக்கு இல்லை, கூட்டுச் செயல்பாடுதான் உண்டு என்றும் எழுதினார். அடுத்த ஆண்டு ஃபயர்ஸ்டோனும் ஆன் கோடும் அதைத் தங்கள் தொகுப்பில் சேர்த்தபோது வைத்த தலைப்புதான் உலகம் சுற்றிய அந்த முழக்கம்: 'சொந்த வாழ்க்கையும் அரசியலே'. தலைப்பு தன்னுடையது அல்ல என்று ஹானிஷ் பிற்பாடு தெளிவுபடுத்தினார். குறிப்பைப் படிக்காமல் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டவர்களால் நேர்ந்த விபரீதத்துக்குப் பிறகு வருகிறேன்.

செய்முறை சட்டத்தோடு மோதிய நாள் 1969 பிப்ரவரி 13. அன்று நியூயார்க் மாநிலத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு அனுமதி. சட்டம் 19ஆம் நூற்றாண்டினுடையது. அதில் சில விதிவிலக்குகளைச் சேர்க்கலாமா என்று சட்டமன்றக் கூட்டுக்குழு கருத்துக் கேட்டது. நிபுணர்களாக அழைக்கப்பட்டவர்கள் 15 பேர். பதினான்கு ஆண்கள், ஒரு கன்னியாஸ்திரீ. இந்த எண்ணிக்கையை நான் எங்கே சொன்னாலும் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு நம் ஊர்க் குழுக்களை நினைத்து அமைதியாகிவிடுகிறார்கள். ஃபயர்ஸ்டோனும் எலன் வில்லிஸும் அப்போதுதான் தொடங்கியிருந்த ரெட்ஸ்டாக்கிங்ஸ் குழுவினர் அரங்கினுள் எழுந்து, உண்மையான நிபுணர்கள் நாங்கள், எங்களைக் கேளுங்கள் என்று கூச்சலிட்டார்கள். குழு கேட்கவில்லை. கதவை மூடிக்கொண்டு விசாரணையைத் தொடர்ந்தது.

ஆகவே அவர்கள் தங்கள் விசாரணையைத் தாங்களே நடத்தினார்கள். மார்ச் 21 அன்று கிரீன்விச் வில்லேஜில் வாஷிங்டன் ஸ்கொயர் மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஏறக்குறைய 300 பேர் கூடினார்கள். பன்னிரண்டு பெண்கள் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, சட்டப்படி குற்றமான ஒன்றைத் தாங்கள் செய்ததாகத் தங்கள் வாயால் சொன்னார்கள். அதுவரை இப்படிப் பொதுவில் யாரும் சொன்னதில்லை. அழுகையைவிடச் சிரிப்பு அதிகம் இருந்தது என்பது வந்திருந்தவர்கள் குறித்த விஷயம். தற்கொலை செய்துகொள்வேன் என்று மனநல மருத்துவரை நம்பவைத்தால்தான் சட்டப்படி கலைக்கலாம் என்ற நிலையில், எவ்வளவு பைத்தியமாக நடிக்க வேண்டும், அதிகமாக நடித்தால் உள்ளே பிடித்துப் போட்டுவிடுவார்களே என்ற கணக்கையெல்லாம் கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஒருவர் சொன்னதை மட்டும் இங்கே எடுத்துவைத்துக்கொள்வோம். பதினொரு மருத்துவமனைகளின் படி ஏறினார். பத்தாவது இடத்தில் ஒரு பேரம்: கலைத்துவிடுகிறோம், ஆனால் இனிப் பிள்ளையே பிறக்காதபடி அறுவையும் செய்துகொள்ள வேண்டும். அப்போது அவருக்கு வயது 20.

பார்வையாளர்களில் ஒரு பத்திரிகையாளர் இருந்தார். நியூயார்க் இதழில் நகர அரசியல் பத்தி எழுதிக்கொண்டிருந்த குளோரியா ஸ்டைனம். அன்று இரவு அவர் பேசவில்லை. கேட்டார். கேட்கக் கேட்கத் தன் கதையும் இதுதானே என்று புரிந்ததாகப் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். 22 வயதில், நிச்சயித்த திருமணத்தை முறித்துக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்டு, வழியில் லண்டனில் விசாவுக்குக் காத்திருந்தபோது கர்ப்பம் என்று தெரிந்தது. ஒரு மருத்துவர் உதவினார். என் பெயரை யாரிடமும் சொல்லாதே, உன் வாழ்க்கையை உன் விருப்பப்படி நடத்து என்று இரண்டு உறுதிமொழிகளை வாங்கிக்கொண்டார். 2015இல் தன் நூலை அந்த மருத்துவருக்கே, ஜான் ஷார்ப் என்ற பெயரைச் சொல்லி, ஸ்டைனம் காணிக்கையாக்கினார். அந்த மருத்துவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

லண்டனிலிருந்து அந்தப் பெண் வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்று நம் ராமநாதபுரம். இந்தியாவில் அவர் இருந்தது 1957, 58இல். 1957 செப்டம்பரில் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் முழுக்கச் சாதிக் கலவரம் பரவியது. வினோபாவின் பூதான இயக்கத்தைச் சேர்ந்த சிறு குழுக்கள் ஊர் ஊராக நடந்து போய் மக்களோடு உட்கார்ந்து பேசின. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குள் போய்ப் பெண்களை அழைக்க ஆளில்லை, பெண்கள் கூட்டத்துக்கு வரவும் மாட்டார்கள். அப்படி ஓர் இடத்தை நிரப்பத்தான் புடவை கட்டிய இந்த அமெரிக்கப் பெண் அவர்களோடு நடந்தார். மாலையில் விளக்கு வைத்து, வட்டமாக உட்கார்ந்து, எரிந்த வீட்டையும் இறந்தவரையும் பற்றி முறைவைத்துப் பேசுவார்கள். அமைப்புக் கட்டும் வேலை கேட்பதில்தான் தொடங்குகிறது என்பதை அங்கேதான் கற்றேன் என்கிறார் ஸ்டைனம். சொல்லாத கதையோடு அந்த வட்டங்களில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எனக்கு உறைக்கிறது. எரிந்த குடிசைக்குப் பேச இடம் இருந்தது. லண்டனில் நடந்ததைச் சொல்ல உலகில் எங்கும் ஒரு வட்டம் அப்போது இல்லை. கேட்கத் தெரிந்திருந்தும் சொல்ல அவருக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

முதுகுளத்தூர் வட்டங்களைப் பற்றி நம் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகமும் எழுகிறது. வீட்டை எரித்தவனும் எரிகொடுத்தவனும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால், யார் யாரைப் பார்த்துப் பேசுவார்கள்? ஒரே உயரத்தில் அமர்வதாலேயே எல்லோர் குரலும் ஒரே உயரத்துக்கு வந்துவிடாது. இந்தக் கேள்வி நியூயார்க்கையும் விடவில்லை.

தேவாலயக் கூட்டத்திலிருந்து அடுத்த ஓராண்டு வேகமானது. 1969 அக்டோபரில் நூற்றுக்கணக்கான பெண்கள் வாதிகளாகச் சேர்ந்து கருக்கலைப்புத் தடையை எதிர்த்து நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கறிஞர்களும் பெண்கள்: ஃப்ளோரின்ஸ் கென்னடி, டயான் ஷுல்டர், நான்சி ஸ்டேர்ன்ஸ் முதலானோர். அதற்கு முந்தைய வழக்குகளில் பேசியவர்கள் மருத்துவர்கள். மருத்துவரின் தொழில் சுதந்திரம்தான் பேசுபொருள். இப்போது பெண்களின் வாக்குமூலமே சான்றாவணம் ஆயிற்று. தீர்ப்பு வருமுன் சட்டமே மாறிவிட்டது. 1970 ஏப்ரல் 9 அன்று மாநில அவையில் வாக்கெடுப்பு ஒரு வாக்கில் தோற்கும் நிலைக்கு வந்தபோது, ஆபர்ன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் மைக்கேல்ஸ் என்ற உறுப்பினர் எழுந்தார். கத்தோலிக்கர் நிறைந்த தொகுதி அவருடையது. எதிர்த்து வாக்களித்திருந்தவர், குரல் நடுங்க, இந்த மசோதா என் வாக்கால் தோற்கக் கூடாது என்று என் மகன் மன்றாடியிருக்கிறான், இத்தோடு என் அரசியல் வாழ்க்கை முடிகிறது என்று தெரிந்தே மாற்றுகிறேன் என்றார். முடியத்தான் செய்தது, அடுத்த தேர்தலுக்குக் கட்சியே அவரை நிறுத்தவில்லை. பெண்களின் கதைகளுக்குச் சட்டமன்றத்தில் இடமில்லை என்று தொடங்கிய விவகாரம் ஓர் ஆணின் குடும்பக் கதையில் வந்து முடிந்தது. சொந்தக் கதையை விடு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சட்டத்தைக் கதைகள் மாற்றின என்று நேராகச் சொல்லிவிட மாட்டேன். மருத்துவர்கள், பாதிரியார்கள், மிதவாதச் சட்டமன்ற உறுப்பினர்கள் எனப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருந்தார்கள். கதைகள் மாற்றியது கோரிக்கையின் வடிவத்தை. 1969 பிப்ரவரியில் மேசையில் இருந்தது விதிவிலக்குப் பட்டியல். நான்கு பிள்ளை பெற்றவளுக்கு விலக்கு தரலாம் என்றெல்லாம் பேச்சு நடந்தது. பன்னிரண்டு பேரின் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எந்தப் பட்டியலிலும் அடங்காதவளே அதிகம் என்பது தெரிந்தது. தடையையே எடு என்ற கோரிக்கை அந்த ஒப்பீட்டிலிருந்து வந்தது. 1970 சட்டம் 24 வாரம்வரை காரணம் கேட்கவில்லை.

இனி அந்த விபரீதம். முறை பரவியது, பரவும்போதே மெலிந்தது. 1971 ஏப்ரல் 5 அன்று பாரிஸின் லெ நூவெல் ஒப்சர்வத்தேர் இதழில் 343 பெண்கள் தாங்கள் கருக்கலைப்புச் செய்துகொண்டதாகக் கையெழுத்திட்டார்கள். அறிக்கையை எழுதியவர் சிமோன் த பொவ்வார். கையெழுத்திட்டவர்களில் கேத்தரின் தெனேவ், மார்கரீத் துராஸ், வழக்கறிஞர் ஜிசேல் ஹலிமி. பிரான்சில் அதன் விளைவு பெரிது. அடுத்த ஆண்டு கருக்கலைப்புக்காக நடந்த பொபினி வழக்கு, 1975இல் கருக்கலைப்பை அனுமதித்த வெய் சட்டம். ஆனால் அங்கே கதை இல்லை. பெயர் மட்டும் உண்டு. கைதுசெய்து பார் என்று அரசுக்கு விடும் சவாலுக்குப் பெயரே போதும் என்பது உண்மைதான். 1972இல் ஸ்டைனம் தொடங்கிய மிஸ் இதழ் அதே பாணியில் 53 அமெரிக்கப் பெண்களின் பெயர்களை வெளியிட்டது. தன் பெயரையும் ஸ்டைனம் சேர்த்தார். பட்டியலில் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் பெயரும் இருந்தது. கையெழுத்துப் போட்டவர் அவர் அல்ல, அவர் கணவர். பழமைவாதிகளான தன் பெற்றோரிடம் அதுவரை சொல்லாத செய்தி இதழில் வந்துவிட்டது என்று கிங் பின்னர் எழுதினார். பெண்ணின் உடல்மீது பெண்ணுக்கே உரிமை என்று கேட்கும் பட்டியலில், ஒருத்தியின் அந்தரங்கத்தை அவள் கணவன் பதிவுசெய்கிறான். யாருடைய தீய எண்ணமும் இதில் இல்லை. வட்டம் கலைந்து பட்டியல் வந்துவிட்டால், சொல்பவள் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது என்பதுதான் விஷயம்.

இன்னொரு பக்கம், வட்டங்கள் வீடு வீடாகப் பெருகி, பொதுமுடிவு எடுக்கும் கடைசிப் படியை மெல்லக் கைவிட்டன. பேசினால் மனம் லேசாகிறது என்பதே போதுமான காரணமாயிற்று. 'சொந்த வாழ்க்கையும் அரசியலே' என்ற தலைப்பை, என் சொந்த வாழ்க்கையைச் சீராக்கிக்கொண்டாலே அரசியல் செய்தாயிற்று என்று வாசித்தார்கள். ஹானிஷ் எழுதியதற்கு நேரெதிர். இன்று தொலைபேசித் திரையில் ஒருத்தி தன் கதையை எழுதி ஆயிரம் இதயங்களைப் பெறும்போதும் இதே இடத்தில்தான் நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்பவர்கள் அன்றைய 300 பேரைவிடப் பல மடங்கு. ஆனால் கேட்டவர்கள் யாரும் தங்கள் பதிலை அதன் பக்கத்தில் வைத்து, நாளைக்கு என்ன செய்யலாம் என்று கேட்க அங்கே இடமில்லை.

வட்டத்தில் யார் இல்லை என்ற கேள்விக்கு வருவோம். நியூயார்க் வட்டங்களில் கூடியவர்கள் பெரும்பாலும் கல்லூரி படித்த வெள்ளைப் பெண்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான், பதில்கள் ஒத்துப்போனதற்கு வந்தவர்கள் ஒரே மாதிரி என்பதும் ஒரு காரணம். பாஸ்டனில் 1974இல் கூடிய கறுப்பினப் பெண்கள் காம்பாகி ரிவர் கலெக்டிவ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1863இல் ஹாரியட் டப்மன் முன்னின்று 750க்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்த ஆற்றங்கரைத் தாக்குதலின் நினைவு அது. பார்பரா ஸ்மித், பெவர்லி ஸ்மித், டெமிடா ஃப்ரேசியர் எழுதிய 1977 அறிக்கையில்தான் 'அடையாள அரசியல்' என்ற சொற்சேர்க்கை முதலில் அச்சேறியது என்பார்கள். இன்று வசைச் சொல்லாகிவிட்ட அது, அவர்களிடம் வாழ்க்கைகளைப் பகிர்ந்து ஒப்பிட்டதன் விளைவு. சின்னப் பிள்ளையில் அடக்கமாக இரு, சத்தம் போடாதே என்று சொல்லி வளர்த்ததற்குக் கறுப்புக் குடும்பத்தில் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது, வெள்ளையர் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும் என்பது. வெள்ளைப் பெண்களின் வட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தப் பாதி வந்திருக்காது.

தேவாலயத்தில் பேசிய அந்த 20 வயதுப் பெண்ணின் கதையை இங்கே திரும்ப எடுக்க வேண்டும். அன்று கேட்டவர்களுக்கு அது கருக்கலைப்பு மறுக்கப்பட்ட கதை. அறுவை என்பது மருத்துவமனை கேட்ட கூடுதல் விலை, அவ்வளவே. மிசிசிப்பியில் ஹேமர் கேட்டிருந்தால் வேறு கதையாகக் கேட்டிருப்பார். 1961இல் கர்ப்பப்பைக் கட்டிக்காக மருத்துவமனைக்குப் போனவரிடம் சொல்லாமலே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கறுப்பினப் பெண்களுக்கு இது அடிக்கடி நடந்ததால் 'மிசிசிப்பிக் குடல்வால் ஆபரேஷன்' என்றே அதற்கு வழக்குப் பெயர். 1965ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி போர்ட்டோ ரிக்கோவில் 20 முதல் 49 வயதுத் தாய்மாரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கருத்தடை அறுவை செய்யப்பட்டவர். 1973இல் அலபாமாவின் மான்ட்கோமரியில் 14, 12 வயதுக் கறுப்பினச் சகோதரிகளுக்கு, எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம் கைக்குறி வாங்கிக்கொண்டு அறுவை செய்ததும் வெளியே வந்தது. கருத்தடை ஊசி என்றுதான் தாய் நினைத்திருந்தார்.

போர்ட்டோ ரிக்கோ வேர்கொண்ட மருத்துவர் ஹெலன் ரொட்ரிகெஸ் ட்ரியாஸ் உள்ளிட்டோர் இதற்கு எதிராக நியூயார்க்கில் 1974இல் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அறுவைக்குச் சம்மதம் கொடுத்தபின் 30 நாள் இடைவெளி வேண்டும், பிரசவ வலியில் இருப்பவளிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பன அவர்களின் கோரிக்கைகள். இதை எதிர்த்தவர்களில் பெரிய பெண்ணிய அமைப்புகளும் உண்டு. கயமை அல்ல காரணம், அவர்களின் கதை வேறு. வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண் கருத்தடை அறுவை கேட்டால் மருத்துவமனைகள் மறுத்துவந்தன. வயதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 120 வர வேண்டும் என்றொரு கணக்கு நடைமுறையில் இருந்தது. 30 வயதுக்காரிக்கு நான்கு பிள்ளை இருந்தால்தான் கத்தி தொடும். அவளுக்கு 30 நாள் காத்திருப்பு இன்னொரு தடை. ஒரே அறுவை, ஒருத்திக்குக் கிடைக்கவில்லை, இன்னொருத்திக்குத் தப்ப முடியவில்லை. இரண்டு கதைகளும் உண்மை. வெவ்வேறு அறைகளில் சொல்லப்பட்ட வரை இரண்டும் எதிரெதிர்க் கோரிக்கைகளாகவே நின்றன. இறுதியில் நியூயார்க் நகரமும் பின்னர் கூட்டாட்சி அரசும் காத்திருப்பு விதியை ஏற்றன. அனுபவம் தானே பேசிவிடும் பச்சைச் சான்று அல்ல, அதைச் சொல்லும்போதே ஒரு விளக்கமும் சேர்ந்துவிடுகிறது என்று வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் 1991இல் எழுதியதை, கோட்பாட்டு மொழிக்குப் பயந்தவர்கள் இந்தச் சண்டையிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

நம் பக்கத்தில் இதற்கு இணையாக நான் மதிக்கும் முயற்சி ஹைதராபாத்தில் நடந்தது. ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற குழு, 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பங்கெடுத்த பெண்களைத் தேடிப் போய் ஒலிநாடாவில் பதிந்தது. லலிதா, வசந்த் கண்ணபிரான், ரமா மெல்கோட்டே, உமா மகேஸ்வரி, சூசி தாரு, வீணா சத்ருக்னா ஆகியோரின் வேலை அது. தெலுங்கில் 1986இலும் ஆங்கிலத்தில் 1989இலும் நூலாயிற்று. பாலகுர்த்தியில் விஸ்னூர் தேஷ்முக்கை எதிர்த்து நிலத்தை விடாமல் நின்ற சலவைத் தொழிலாளி சிட்யால ஐலம்மா, துப்பாக்கி ஏந்திய மல்லு ஸ்வராஜ்யம், காட்டில் பெற்ற குழந்தையைத் தளத்தின் பாதுகாப்புக்காகக் கொடுத்துவிட நேர்ந்த கமலம்மா எனப் பலர் அதில் பேசுகிறார்கள். கம்யூனிஸ்ட் கட்சி வரலாறுகளில் பெண்கள் சோறு ஆக்கியவர்களாகவும் தகவல் கொண்டு போனவர்களாகவும் ஒரு பத்தியில் முடிந்துபோனவர்கள். போராட்டம் நின்றதும், வீட்டுக்குப் போங்கள் என்றது கட்சி. எந்த வீடு என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. ஒருத்தி சொன்னால் அது குறை. பத்துப் பதினைந்து பேர் வெவ்வேறு ஊர்களில், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், அதையே சொன்னபோது கட்சி எப்படி நடந்துகொண்டது என்பது பற்றிய ஓர் ஆய்வு முடிவாக அது ஆகிவிட்டது. வட்டமாக உட்காராமலே வட்டத்தின் வேலை நடந்தது, ஒப்பிட்டவர்கள் தொகுத்தவர்கள்.

அங்கேதான் இந்த முயற்சியின் சங்கடமும். கேள்விகள் 1980களின் நகரத்துப் படித்த பெண்ணியவாதிகளுடையவை. எதைக் கேட்பது, எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவுகளும் அவர்களுடையவை. இதைத் தொகுப்பாளர்கள் மறைக்கவில்லை. தங்களுக்கும் பேசியவர்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் எழுதினார்கள்.

அந்தத் தொகுப்பில் பேசிய ஒருவர் கொண்டபல்லி கோடேஸ்வரம்மா. குழந்தை விதவை. கட்சிக்காரரான கொண்டபல்லி சீதாராமையாவை மறுமணம் செய்து, தலைமறைவு வாழ்க்கை வாழ்ந்து, பிறகு கணவரால் கைவிடப்பட்டவர். முப்பது வயதுக்கு மேல் பள்ளிப் படிப்பை முடித்து, காகிநாடாவில் பெண்கள் விடுதிக் காப்பாளராக வேலை பார்த்துத் தன் சோற்றைத் தானே சம்பாதித்தார். சீதாராமையா மக்கள் யுத்தக் கட்சியை நிறுவியவர் என்பதால் வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்குப் பக்கங்கள் பல. கோடேஸ்வரம்மா தன் வரலாற்றைத் தானே 'நிர்ஜன வாரதி' என்று எழுதி வெளியிட்டது 2012இல், தொண்ணூறைக் கடந்த வயதில். தமிழில் கௌரி கிருபானந்தன் 'ஆளற்ற பாலம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார். 1986 நூலையும் இதையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரியும். முதலாவதில் போராட்டம் அச்சு, அவர் வாழ்க்கை அதற்குச் சான்று. இரண்டாவதில் எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு இடம் என்பதை அவரே அளந்து வைக்கிறார், கட்சிக்கும் கணவருக்கும் உரிய அளவு உட்பட.